மேலே கொடுத்த பன்னிரண்டாயிரம்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அவர் ஊரான கரியமாணிக்கத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். இரண்டாலும் அவருக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தக்காளியிலிருந்து தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லியனூர் மார்க்கெட்டில் இரண்டு கிலோ தக்காளி வாங்க அவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். பேரம் பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேரமே பேச மாட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விலையை மட்டும் கேட்டுக்கொண்டே போவார். ஒரு கடையில் முப்பது, அடுத்ததில் முப்பத்துநாலு என்றால் அங்கேயே நின்றுவிடுவார்.

“மேல குடுக்கற நாலு ரூபாய்க்கு இன்னாம்மா வருது?”

“தக்காளிதான் வருது. வேற இன்னா வரும்?”

அவருக்குக் கோபம் வராது. முப்பத்துநாலு ரூபாய்த் தக்காளியில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்து போய், முப்பது ரூபாய்த் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கடைக்கார அம்மா பின்னாலிருந்து கத்துவாள். பையைப் பிடித்துக்கொண்டு நான் தலையைக் குனிந்து நிற்பேன். சில நாள் விலை அதிகமான தக்காளியையே வாங்குவார். அப்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். காசு போவது அவருக்கு வலிக்காது. ஏமாந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கஞ்சன் என்று ஊரில் சொன்னார்கள். அது பொய். அப்பா செத்த பிறகு நான் பி.காம். முடித்தது அவர் கட்டிய பணத்தில்தான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் மூன்று கல்லூரிகளைப் பற்றி விசாரித்து, பஸ் எத்தனை, லேப் எப்படி, எந்த வாத்தியார் ஒழுங்காக வருகிறார் என்று கேட்டு முடிப்பதற்குள் வகுப்பு தொடங்கிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. கடைசிப் பெஞ்சில்தான் எனக்கு இடம் கிடைத்தது. நன்றியும் எரிச்சலும் ஒரே ஆள்மேல் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் பதினெட்டு வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். வரும் சரக்கை எண்ணி, எடை போட்டு, ஒரு போல்ட் குறைந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. வீட்டுக்கும் அதே கண்ணோடு வருவார், அதுதான் கஷ்டம். அவருடைய அப்பா யாரோ நீட்டிய பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டு ஒன்றரைக் காணி நிலத்தை இழந்தவர் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அவர் வாயிலிருந்து அது வந்ததே இல்லை.

எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. வில்லியனூரில் எங்கள் தெரு முழுக்க ஒரு தீபாவளிச் சீட்டில் சேர்ந்தது. அம்மாவும் சேர்ந்தாள். மாமா வந்து அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மத்தவன் குடுக்கறதுக்கு மேல நீ ஒரு கிராம் தங்கம் குடுக்கறியே, அது எங்கேர்ந்து வருது?” அவன் ரசீதுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். அன்றைக்கே அம்மா கட்டிய பணத்தைத் திருப்பி வாங்க வைத்தார். ஐப்பசியில் அந்த ஆள் கடையைப் பூட்டிவிட்டு ஓடினான். தெருவே அழுதது. நாங்கள் மட்டும் அழவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் குக்கர் வாங்குவதாக இருந்தாலும் அவரைத்தான் கேட்டோம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான்.

பாகூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் பெண் பார்க்க வந்தார். நானும் அப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காப்பி கொடுக்கும்போது என்னைப் பார்த்து, “கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறதுன்னா போலாம், நம்ம கடைலயே கூட பாத்துக்கலாம்” என்றார். கேட்காமலே சொன்னார். எனக்குப் பிடித்துவிட்டது. மாமா பாகூருக்கு நாலு தடவை போய் வந்தார். கடை வாடகைக் கடையா, தம்பிக்குக் கடன் உண்டா, அப்பா குடிப்பாரா, எல்லாம் கேட்டார். குறை எதுவும் அகப்படவில்லை.

“நல்ல பையன்தான்மா. இல்லன்னு சொல்லல. இன்னும் ரெண்டு எடம் பாத்துட்டு முடிவு பண்ணலாம். பாக்காம எப்படித் தெரியும், இதான் நல்லதுன்னு?”

இரண்டு இடம் பார்க்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் பாகூர்க்காரருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அப்புறம் வந்த யாரும் அந்தப் பாகூர்க்காரர் அளவுக்கு வரவில்லை என்று மாமாவே சொன்னார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், தக்காளியைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். எனக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆயிற்று. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அக்கா வில்லியனூர்ப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். சட்டைக் காலர் தைப்பதில் அந்த லைனில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் தைத்தது திரும்பி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதில் மாமா அவளைக் கொண்டுபோய் விடுவார். அது ஒரு மழைக்காலத்தில் எஞ்சின் போய் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் பஸ். மாமாவுக்கோ கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்துவிடும்.

“புது வண்டி எடுத்துடலாம்” என்றார் உடனே. தயங்கவே இல்லை. பணமும் இருந்தது. எந்தக் கம்பெனி பைக் என்பதையும் நாலே மாதத்தில் முடிவு செய்துவிட்டார். அந்த வண்டியில் இரண்டு மாடல் இருந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் ஒன்றுதான், மைலேஜும் ஒன்றுதான். கீழ் மாடலில் முன்னால் டிரம் பிரேக், நீட்டு சீட்டு, முள் வைத்த மீட்டர். மேல் மாடலில் டிஸ்க் பிரேக், ரெண்டு தட்டாகப் பிரிந்த சீட்டு, போனோடு சேரும் டிஜிட்டல் மீட்டர், சார்ஜ் போட ஒரு ஓட்டை. வித்தியாசம் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

“மேல குடுக்கற பன்னெண்டாயிரத்துக்கு இன்னா வருது?”

இந்தக் கேள்வி மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்தது. மூன்று வருடம் என்று எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

ஞாயிறு தோறும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது பைபாஸ் ஓரத்து ஷோரூமுக்குப் போவார். என்னையும் கூப்பிடுவார். விற்கிறவன் சொல்வதைக் கேட்க ஒருத்தன் காது போதாதாம். அங்கே வேலை பார்த்த ஒரு பையன் இவர் வாசலில் தலைகாட்டினாலே பாத்ரூமுக்குள் போய்விடுவான். ஒரு பெண் மட்டும் பொறுமையாகப் பேசுவாள். டிஸ்க் நல்லது சார், மழையில் பிடிக்கும் என்பாள். அப்படியானால் டிரம் பிடிக்காதா, பிடிக்காததை ஏன் விற்கிறீர்கள் என்பார். பிடிக்கும் சார், இது இன்னும் நல்லா பிடிக்கும் என்பாள். எவ்வளவு இன்னும் என்று கேட்பார். அந்தப் பெண் என்னைப் பார்ப்பாள். நான் வெளியே ரோட்டைப் பார்ப்பேன்.

தெரு மெக்கானிக்கிடம் கேட்டார். அவர் கீழ் மாடலை எடுக்கச் சொன்னார். கம்பெனி பஸ் டிரைவர் மேல் மாடல்தான் என்றார், விற்கும்போது நல்ல விலை போகுமாம். இந்த வண்டியை வைத்திருப்பவரை எங்கே கண்டாலும் நிறுத்தி விசாரிப்பார். ஒருமுறை பூரணாங்குப்பத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். பிணம் எடுக்கும் முன்னால், வாசலில் நின்ற ஒருத்தரிடம் டிஸ்க்கில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள்.

ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தார். ஆயுத பூஜை ஆஃபருக்குக் காத்திருந்தார். வருடக் கடைசியில் போன வருட வண்டியைக் குறைத்துத் தருவார்கள் என்றார்கள், அதற்கும் காத்திருந்தார். நடுவில் கொரோனா வந்தது. ஷோரூம், கம்பெனி எல்லாம் மூடிக் கிடந்தது. திறந்தபோது இரண்டு மாடலும் விலை ஏறியிருந்தது. வித்தியாசம் மட்டும் அதே பன்னிரண்டாயிரம். “அப்பவே எடுத்திருக்கணும்” என்று அவரே சொன்னார். 

இதற்கிடையில் அக்காவின் கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொன்னார்கள். இருபது வருடம் மெஷினில் குனிந்து உட்கார்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாருக்குப் புரியாது. நிமிர்ந்து நடக்கலாம். நாலாயிரம் கூட வரும். ஆனால் சூப்பர்வைசர் ஏழே முக்காலுக்கு உள்ளே இருக்க வேண்டும். கரியமாணிக்கத்திலிருந்து அவளுக்கு இருந்த பஸ் எட்டு இருபதுக்குத்தான் வில்லியனூருக்கு வரும்.

“ஒரு மாசம் டைம் குடுத்துருக்காங்க” என்று அக்கா அவரிடம் சொன்னாள்.

“ஒரு மாசம் எதுக்கு? இந்த வாரமே முடிச்சிடலாம்.”

ஒரு மாதம் இரண்டாயிற்று. கம்பெனியில் அக்காவைப் பிடித்திருந்ததால் இன்னும் கொஞ்சம் பொறுத்தார்கள்.

கடைசியாகப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவள் ஷோரூமுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று வருடத்தில் முதல் தடவை. அவள்தான் தினமும் பின்னால் உட்காரப் போகிறவள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்தப் பெண், “நீங்க உக்காந்து பாருங்கக்கா” என்றாள். அக்கா கூச்சப்பட்டாள். சுற்றிப் பார்த்துவிட்டு, கீழ் மாடலில் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். சீட்டு நீளமாக, தட்டையாக இருந்தது. பின்னால் கம்பி இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லாருக்குதுடி” என்றாள் என்னிடம்.

மேல் மாடலில் ஏறினாள். பின் சீட்டு உயரம், குட்டை, முன்பக்கம் சரிவு. இரண்டு பக்கமும் கைப்பிடி என்று சொல்லிச் சின்னதாக ஏதோ இருந்தது. உட்கார்ந்தவள் உடனே மாமாவின் தோளைப் பிடித்தாள்.

“இது வழுக்குதுங்க.”

“புதுசு, அப்படித்தான் இருக்கும்” என்றார். அவர் கண் மீட்டரில் இருந்தது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. உள்ளே பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலையாட்டிப் பேசுவது தெரிந்தது.

மாமா இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றார். ஒரு கை இதன்மேல், ஒரு கை அதன்மேல். நெற்றியில் வேர்வை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை அவரை அங்கே பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி பார்த்ததில்லை. முடிவெடுக்க முடியாதது அவருக்கு ஒரு நோய் மாதிரி இருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“நீ இன்னாம்மா சொல்ற?”

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. என் கல்லூரிக்குக் கேட்கவில்லை. பாகூர்க்காரருக்குக் கேட்கவில்லை.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் முன்னால்தான் அக்கா சிரித்ததைப் பார்த்தேன். வழுக்குகிறது என்றதைக் கேட்டேன். நீட்டு சீட்டு வண்டியை எடுங்கள் மாமா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அக்கா தெரியவில்லை. இந்த மனிதர் ஒரே ஒரு தடவையாவது தேவையில்லாததுக்குக் காசு கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரள வேண்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன். மெருகு ஏற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

“மேல் மாடலே எடுத்துடுங்க மாமா. அப்புறம் மனசு அடிச்சிக்கும்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “அந்தச் செவப்பு” என்றார். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து முன்பணத்தைக் கொடுத்தார்.

அக்கா உள்ளே வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. “திங்கக்கிழம வரச் சொல்லிட்டாங்க. அடுத்த திங்கக்கிழம.”

“வண்டி எடுத்தாச்சி” என்றார் மாமா.

“எது?”

அவர் காட்டினார். அக்கா கீழ் மாடலின் சீட்டைக் கையால் ஒருமுறை தடவினாள். “ஏதோ ஒண்ணு, எடுத்தாச்சே” என்றாள். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சூப்பர்வைசர் ஆனாள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் அம்மாவிடம் வந்து காட்டினாள். மாமா தினமும் காலையில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அங்கிருந்து அதே வண்டியில் தன் கம்பெனிக்குப் போனார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னார். நாற்பத்துநாலு வயதில், புடவையில், ஊர் பார்க்க அவளால் முடியவில்லை. ஒரு பக்கமாகவே உட்கார்ந்து அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். வேலைக்குப் போய்ச் சேரும்போது தொடையெல்லாம் மரத்துப் போகிறது என்று என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் விழுந்தாள்.

வேகமாகப் போகவில்லை. முந்தின நாள் ராத்திரி போட்ட ஸ்பீடு பிரேக்கர், அதற்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. கடைசி நேரத்தில் மாமா பிரேக் பிடித்தார். ஷோரூம் பெண் சொன்னது போல நன்றாகவே பிடித்தது. வண்டி நின்றது. அக்கா நிற்கவில்லை. சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிற்று.

அன்றைக்கு ஒரு நாள் அவர் எதையும் விசாரிக்கவில்லை. கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ன கேட்டார்களோ கட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோது கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அம்மா வந்ததும் வெடித்தாள். மருமகனை ஒருமையில் பேசியதே இல்லை, அன்றைக்குப் பேசினாள்.

“மூணு வருஷம் பாத்தியே, இதத்தான் பாத்தியா? நீட்டு சீட்டு வண்டிதான் வேணும்னு எம் பொண்ணு உக்காந்து காட்டிச்சாமே! மேல துட்டு குடுத்து எம் பொண்ணு கைய ஒடச்சிட்டியேடா!”

நர்ஸ் வந்து அதட்டினாள். அம்மா நிறுத்தவில்லை. மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.  இப்போது சொல்லிவிடுவார். சொல்ல வேண்டியதுதான். யார் மேல் தப்பு என்று பில்லைக் காட்டி நிரூபிக்கிற மனிதர், லாரிக்காரனிடம் ஒரு போல்ட்டுக்காக மல்லுக்கு நிற்கிறவர்.

“நான்தான் தப்பா எடுத்துட்டேன் அத்தை” என்றார்.

அவ்வளவுதான். பிறகு தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கி வரக் கடைக்குப் போனேன்.

ஏன் சொல்லாமல் விட்டார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. என்னைக் காப்பாற்றினாரா? ஒரு பெண் பிள்ளை பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்வது அவருக்குக் கேவலமாக இருந்ததா? இல்லை, நான் சொன்னதன் உள்ளே என்ன இருந்தது என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டதா? கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

அக்காவின் கையில் பிளேட் வைத்தார்கள். கட்டைப் பிரிக்க மூன்று மாதம் ஆயிற்று. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. கம்பெனியில் வேறொருத்தியைச் சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். மெஷினிலும் உட்கார முடியாது. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேஜையில் இவளுக்கு இடம் கொடுத்தார்கள். சின்னக் கத்தரியை இடது கையில் பிடிக்கப் பழகினாள். கழுத்து அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மாமா அந்தப் பிரிந்த சீட்டைக் கழற்றிவிட்டு நீட்டு சீட்டு தைக்கக் கொடுத்து மாட்டினார். பின்னால் தடித்த கம்பியும் வைத்தார். தைக்கிறவன் எவ்வளவு கேட்டான் என்று அம்மா கேட்டதற்கு, “தெரியல, குடுத்துட்டேன்” என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அந்த சீட்டில் ஒரு நாளும் உட்காரவில்லை. பஸ்ஸிலேயே போய் வந்தாள். அவர் கூப்பிடுவதையும் ஒருநாள் நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு மார்க்கெட்டில் அவரைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. முதல் கடையிலேயே நின்று, விலை கேட்காமல் பையை நீட்டுவார். கடைக்காரி போட்டதை வாங்கிக்கொள்வார். அழுகல் இருந்தாலும் பார்க்க மாட்டார். ஒரு நாள் பழைய கடைக்கார அம்மாவே, “இன்னா சார், உடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். அக்கா ஒருமுறை பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். “இவுரு வெலையே கேக்க மாட்டேங்கறாருடி. பால்காரன் பாக்கி சொன்னா எண்ணாம எடுத்துக் குடுக்கறாரு. எனக்கு இன்னமோ மாதிரி இருக்குது.”

நான் வருடக்கணக்காக வேண்டிக்கொண்டது அதுதான். ஒரு நாளாவது கணக்குப் பார்க்காமல் இருக்க மாட்டாரா என்று. பார்க்காமல் ஆனார். கணக்கை எடுத்துவிட்டால் அந்த மனிதரில் ஒன்றும் மிச்சம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒன்றரை வருடம் இருந்தார். கம்பெனி ஸ்டோரில், சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த லோடில் சரக்கு குறைந்திருந்ததாம். அவர் கையெழுத்துப் போட்டிருந்தாராம். காரியத்துக்கு வந்த கம்பெனிக்காரர் ஒருத்தர் இதை ஆச்சரியமாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

போன மாதம் வண்டியை விற்றோம். மடுகரையிலிருந்து ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டாப் மாடல்தான், ஆனால் சீட்டை மாற்றியிருக்கிறீர்களே, விலை போகாது என்றார். அக்கா சரி என்றாள். வந்தவர் பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டுமாடி? அன்னிக்கி நான் போன் பேச வெளிய போனேன். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. அதுக்குள்ள எப்படி அவுரு முடிவு பண்ணாரு? மூணு வருஷம் பண்ணாத ஆளு.”

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும் ஆசைப்பட்டாள். இனி அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்த ஷோரூம் பெண்கூட வேலையை விட்டுப் போய்விட்டாள்.

“அவராதான் எடுத்தாருக்கா” என்றேன். “நான் கம்முனுதான் நின்னேன்.”

அக்கா தலையாட்டினாள். “அப்படித்தான் இருக்கும். யாரு பேச்சக் கேட்டிருக்காரு அவுரு.”

மடுகரைக்காரர் கையை நீட்டினார். அக்கா இடது கையால் சாவியைக் கொடுத்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். அவளுடைய வலது கையைப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.